நாங்கள் பராமரித்த காட்டுப்பாதை

ஜீப் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம், எனக்குத் தமிழில் கடிதம் எழுத வரும் என்பதுதான். நான் ஜீப் ஓட்டுவேன் என்பதோ, கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள் என்பதோ, ஒரு சரிவைப் பார்த்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவேன் என்பதோ அங்கே யாருக்கும் பெரிதாகப் படவில்லை. சங்கத்தில் பத்து ஜீப்புகள், பதினான்கு பேர். டாக்டர், ஆடிட்டர், துணி ஏற்றுமதி செய்கிறவர், தி. நகரில் அடுக்குமாடி கட்டுகிறவர். அந்தக் கடைசி ஆள்தான் தலைவர். எல்லோரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனாலும் ஓர் அரசு அலுவலகத்துக்கு நாலு வரி எழுத வேண்டுமென்றால் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வங்கியில் வேலை பார்த்த என் கணவர், ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நிறுத்தினார். அடையாற்றில், ஆற்றங்கரைக் குடிசைகளை ஒட்டித் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர்தான் அதை ஓட வைத்தார். சங்கத்து ஜீப்புகளில் பாதிக்கு மேல் அவர் கையில்தான் பிழைத்துக் கிடந்தன. அவர் சொல்லித்தான் நாங்களும் சங்கத்தில் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் கிண்டி ரயில் நிலையத்தருகே கூடி, தெற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒரு காப்புக்காடு வரும். விறகு வெட்டிய காலத்தில் மாட்டுவண்டிக்காகப் போட்ட பாதை ஒன்று அதற்குள் மேலேறிப் போகிறது. மேலே இருபது வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்கள் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் இறங்கி வர வேறு வழி கிடையாது. எங்களுக்கு அது மேடும் பள்ளமுமாக, ஜீப்பை ஆட்டிப் பார்க்க ஏற்ற இடம். அனுமதி வாங்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. மூன்றாவது முறை போனபோது ரேஞ்சர் பிடித்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. பத்து வண்டிகளையும் ஒரு சுற்று நடந்து பார்த்தார்.

"கேஸ் போட்டு பத்து வண்டியையும் இங்கயே நிறுத்தி வைக்கலாம். வெச்சு நான் என்ன பண்றது. இந்தப் பாதை இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது. சரி பண்ண எங்கிட்ட ஆள் இல்ல. உங்களுக்கு இங்க வரணும்னா வேலை செய்ய வாங்க."

அப்படித்தான் அந்தக் கூட்டு ஏற்பாடு உருவானது. மாதத்தில் இரண்டு ஞாயிறு பாதை வேலை, ஒரு ஞாயிறு ஓட்டிக்கொள்ளலாம். பாதையை விட்டு விலகக்கூடாது. செடி, கொடி எதையும் மிதிக்கக்கூடாது. மழை தொடங்கினால் கேட் மூடப்படும். மண் காய்ந்துவிட்டது என்று ரேஞ்சர் எழுத்தில் தந்த பிறகே திறக்கப்படும். மூன்று பக்கத்துக்கு நான்தான் எழுதினேன். தலைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கல்வெட்டு மாதிரி இருக்கு மேடம்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். படிக்காமல்தான் போட்டார் என்பதை அப்போதே கவனித்தேன்.

வேலை நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லோரும் அதை "நம் உழைப்பு" என்றார்கள். காலை ஏழு மணிக்குக் கடப்பாரை பிடித்தவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், மெக்கானிக், ஆடிட்டர், அப்புறம் வாட்சர். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல் இட்லிப் பொட்டலங்களோடும் கேமராவோடும் வந்து சேர்வார்கள்.

கேட்டைக் காக்க வனத்துறை வைத்திருந்த வாட்சர், மேலே இருந்த அந்தச் சிற்றூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். கேட் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். பதினோரு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். நிரந்தரம் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் யாரோ அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாதையில் செங்குத்தான ஒரு சரிவு இருந்தது. மழைத்தண்ணீர் முழுவதும் சக்கரத் தடத்திலேயே இறங்கி அதை அறுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரைப் பாதைக்குக் குறுக்கே திருப்பி ஓடைக்கு அனுப்பக் கல் பதித்த வடிகால்கள் போடலாம் என்று நான் வரைபடம் போட்டுக்கொண்டு போனேன். வாட்சர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"படம் சரிதாம்மா. ஆனா மூணாவது எடத்துல போட்டீங்கன்னா தண்ணி நேரா புளியங்கன்னுங்க மேல போவும். இன்னும் பத்தடி மேல போடுங்க."

பத்தடி மேலே போட்டோம். ஒரு கல்லை நிமிர்த்திப் பதிக்க அரை மணி நேரம் ஆகும். ஓடையிலிருந்து சாக்கில் கட்டி இரண்டு பேராகத் தூக்கி வர வேண்டும். ஐந்து வடிகால்கள் போட்டு முடிக்க நான்கு மாதம் பிடித்தது. தலையில் சுமையோடு இறங்கும் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள். ஒருத்தி நின்று, "மெட்ராஸ்ல கல்லு கெடைக்கலயாம்மா?" என்று கேட்டாள். அந்த வருட மழையில் சரிவு அசையவில்லை. அதைப் போய்ப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, நான் வரைந்து கட்டி முடித்த எந்தக் கட்டடமும் கொடுத்ததில்லை.

இப்படி மூன்று வருடம் நன்றாகவே போனது.

மூன்றாவது வருட மழை தொடங்கிக் கேட் மூடியாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, பிரேக் சரியில்லை என்று ஜீப்பை அடையாற்றுப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மெக்கானிக்கிடம் வழக்கமான கலகலப்பு இல்லை. வண்டிக்கு அடியில் படுத்தவர் அங்கிருந்தே சொன்னார்.

"யக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ஞாயித்துக்கெழம நம்ம ரோட்டுக்குப் போயிருந்தோம்."

"கேட் மூடியிருக்கே. யார் போனது?"

"தலீவரு தான். நாலு வண்டி. அவுரு மச்சான் ஃபாரின்லேந்து வந்துகீறாரு, அவருக்கு சேறுல வண்டி ஓட்டிக் காட்டணுமாம். மாட்டிக்கினா இழுக்கறதுக்கு என்னையும் இட்டுக்கினு போனாங்க."

"வாட்சர் எப்படித் திறந்தார்?"

"தொறக்க மாட்டேன்னுதான் சொன்னாரு. ரேஞ்சரு லெட்டர் கீதான்னு கேட்டாரு. இவுரு, நேத்தே ரேஞ்சர் கைல பேசிட்டேன், லெட்டர் பின்னாடி வரும், நீ தொறன்னாரு. நா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

அவர் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மீதியையும் சொன்னார். சரிவில் முதல் வண்டி அச்சுவரை புதைந்தது. இழுத்தார்கள், வரவில்லை. தலைவரின் மச்சான் வடிகால் கற்களைக் காட்டி, அதைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கச் சொன்னார். கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தார்கள். ஐந்து வடிகால்களில் மூன்று போயின. பின்னால் வந்த வண்டிகள் புதைகுழிக்குப் பயந்து, பக்கத்தில் நட்டிருந்த கன்றுகளின் மேல் ஏறிப் புதுத்தடம் போட்டுக்கொண்டு போயின.

"நீங்களும் கல்லை எடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

கை துடைத்த துணியை உதறிக்கொண்டே, "எடுத்தேன்" என்றார். "வேணாம்னு சொன்னேங்க்கா. அப்பறம் எடுத்தேன்."

அந்த வார இறுதியில் பெருமழை. அடுத்த வாரம் ரேஞ்சரிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. தடை செய்யப்பட்ட காலத்தில் சங்கத்து வாகனங்கள் உள்ளே வந்திருக்கின்றன. அனுமதி இருப்பதாகத் தலைவர் கூறியதால் திறந்ததாக வாட்சர் சொல்கிறார். சங்கத்தின் விளக்கம் தேவை. அதுவரை வாட்சர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறார்.

கூட்டம், தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் தலைவரின் அலுவலக மாடியில் நடந்தது. எல்லோருக்கும் காபி வந்தது. தலைவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு சின்ன லெட்டர்தான் மேடம். கேட் திறந்திருந்தது, பர்மிஷன் வந்துட்டதுன்னு வாட்சர் சொன்னார், நாங்க அதை நம்பி உள்ள போனோம். அவ்வளவுதான். உங்க தமிழ்ல எழுதினா ரேஞ்சர் ஒண்ணும் பேச மாட்டார்."

"அப்படி நடக்கலியே சார்."

"நீங்க அங்க இல்லியே."

"மெக்கானிக் இருந்தார்."

"அவன் நம்ம ஆளு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

டாக்டர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "டெம்பரரி ஆள்தானே. வேற எங்கயாவது வேலை கிடைக்கும். அக்ரிமென்ட் கேன்சல் ஆச்சுன்னா நம்ம மூணு வருஷ உழைப்பு போயிடும். அதை யோசிங்க."

அந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒரு கல்லைக்கூடத் தூக்கியதில்லை. ஒருமுறை கையுறை கொண்டு வந்தார். அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து உழைப்பு என்ற சொல் வந்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. தன் ஊர்ப் பாதையைத் தானே செப்பனிட்டவர் வேலையிழந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாதையைக் கெடுத்தவர்கள் காபி குடித்துக்கொண்டு, அவர் தலையில் பழியைப் போட நல்ல தமிழ் தேடுகிறார்கள். அதற்கு நான் வேண்டும்.

"எழுத மாட்டேன்" என்றேன். "நடந்ததை எழுதச் சொன்னா இப்பவே எழுதறேன்."

ஆடிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மோடு கல் சுமந்தவராயிற்றே என்று அவரையே பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. என் கணவர்கூட வாய் திறக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது.

ஸ்கூட்டரில் திரும்பினோம். லஸ் முனை சிக்னலில் நின்றபோது அவர்தான் ஆரம்பித்தார்.

"நமக்கேன் இந்த வம்பு? அவாள்லாம் பெரிய மனுஷா. கொஞ்ச நாள் போனா தானே அடங்கிடும்."

"அந்த வாட்சர் ஆத்துல அடுப்பு எரியணுமே, அது தானே எரியுமா?"

"நான் எழுதச் சொல்லலை. எழுதாம இருந்தா போதும்ங்கறேன். நீயும் பொய் சொல்லலை, அவாளோட சண்டையும் இல்லை."

அது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அப்படியே செய்தேன். பத்து நாட்கள் சும்மா இருந்தேன். அலுவலகம் போனேன், வந்தேன், சமைத்தேன். பொய்க்கடிதம் எழுத மறுத்ததையே பெரிய காரியமாக நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட, சங்கத்தார் மேல் வரும் கோபத்துக்குக் குறையாமல் அந்தப் பத்து நாட்களின் மேலும் வருகிறது.

பதினோராவது நாள் மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். தலைவரின் அலுவலக குமாஸ்தா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. சங்கத்தின் கடிதம் தலைவர் கையெழுத்தோடு ஏற்கெனவே போய்விட்டது; இது சாட்சிக் கடிதம். 'வாட்சர் தாமாகவே கேட்டைத் திறந்துவிட்டதை நான் நேரில் பார்த்தேன்' என்று அவர் சொல்வதுபோல் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"கையெழுத்து போடலன்னா இனிமே சங்கத்து வண்டி ஒண்ணும் என் பட்டறைக்கு வராதுன்னு சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. வந்துட்டேன். யக்கா, நா கல்ல எடுத்தவன். அத்தயும் சேத்து எழுதிக் குடு. நா பாத்தத மட்டும் எழுது. அதுல போடறேன் கையெழுத்து."

வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். என் கணவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுதி முடித்ததும் வந்து, என்னிடமிருந்து தாளை வாங்கி நின்றபடியே படித்தார். "ஒப்பந்தத்தோட நகல் ஒண்ணையும் இதோட வெச்சுடு" என்றார்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, மெக்கானிக்கும் நானும் பஸ் பிடித்து ரேஞ்சர் அலுவலகம் போனோம். ரேஞ்சர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மெக்கானிக்கைப் பார்த்து, "கல் எடுத்தேன்னு எழுதியிருக்கே. உன் மேலயும் நடவடிக்கை வரும், தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பத்து நாள் முன்னாடி வந்திருக்கலாமே மேடம். உங்க சங்கத்து லெட்டரை மேல அனுப்பிட்டேன். அதை வெச்சு அவரை வேலையிலருந்தே எடுத்துட்டாங்க. போன வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துது. இதையும் அனுப்பறேன். ஆனா எடுத்ததைத் திருப்பிப் போடறது அவ்வளவு சுலபம் இல்ல."

அங்கிருந்து நேராகப் பாதைக்குப் போனோம். சரிவு இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம். எங்கள் கற்கள் அங்கங்கே சேற்றில் கவிழ்ந்து கிடந்தன. புதுத்தடம் போட்ட இடத்தில் தண்ணீர் தனக்கொரு வழி கண்டுபிடித்துப் புளியங்கன்றுகளை வேரோடு சாய்த்திருந்தது. பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகள் பள்ளத்தின் விளிம்பில் வேரைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் ஓடிப்போய்க் கை கொடுத்தார்.

வாட்சர் வீட்டில்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பத்து நாள் காத்திருந்தது உட்பட. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவுரு சொன்னப்ப நம்பித்தாம்மா தொறந்தேன்" என்றார். "உங்க சங்கத்து ஆளு பொய் சொல்லுவாருன்னு தோணல. மூணு வருசமா ஒண்ணாச் சோறு துன்னமே."



இதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மெதுவாகவே நடந்தன. ஒப்பந்தம் ரத்தானது. தலைவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வழக்கறிஞரை அனுப்பினார். மெக்கானிக் மீது மட்டும் வழக்குப் பதிவாகி, இரண்டு முறை அலைந்த பிறகு எச்சரிக்கையோடு விட்டார்கள். சங்கம் என்னை நீக்கியது. அந்தத் தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்கள், தமிழில் எழுத வேறு ஆள் இல்லையே. ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கத்து ஜீப்புகள் அடையாற்றுப் பட்டறையை விட்டுப் போயின. மெக்கானிக் ஆட்டோக்களுக்கு மாறினார். "பரவால்ல, ஆட்டோக்காரன் கல்லு பேத்து எடுக்கச் சொல்ல மாட்டான்" என்றார் ஒருநாள். அவர் சிரித்தார், என்னால் சிரிக்க முடியவில்லை.

அடுத்த கோடையில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் சங்கத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. காட்டைக் காக்கும் ஜீப்காரர்கள் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். வேறொரு மாவட்டத்தில் புதிதாக ஒரு பாதையைப் பராமரிக்கப் போகிறார்களாம். கட்டுரையோடு ஒரு படம். தலைவரும் டாக்டரும் கையுறையோடு எங்கள் மூன்றாவது வடிகாலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்தது நான்தான். வடிகால் இல்லாமல் போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை. அந்தப் புதிய இடத்தின் வனச்சரக அலுவலகத்துக்குப் பழைய ஒப்பந்தத்தின் நகலையும் ரத்து ஆணையின் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர்கள் அதைப் படித்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

வாட்சரை ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதலிலிருந்து தற்காலிகமாக. அவருடைய பதினோரு வருடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. செய்தி கேட்டு நானும் கணவரும் பஸ்ஸில் போனோம். ஜீப்பை அதற்குள் விற்றுவிட்டிருந்தோம். மீண்டும் வந்து வடிகால் போட்டுத் தருகிறோம், வண்டியெல்லாம் வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் மெக்கானிக்கும் மட்டும் என்று சொன்னேன்.

அவர் டீ கொடுத்தார். கோபமாக இல்லை, நிதானமாகத்தான் சொன்னார்.

"வேணாம்மா. நீங்க நல்லவங்க. ஆனா இனிமே யாரும் வர வேணாம்னு ஊர்ல பேசிக்கிட்டோம். எங்க பாதைய நாங்க பாத்துக்கறோம்."

இறங்கும்போது பார்த்தோம். சரிவில் பள்ளத்தைத் தழையும் மண்ணும் போட்டு நிரப்பி, தண்ணீர் விலகிப் போக நாலு இடத்தில் மரக்கட்டைகளைச் சாய்வாகப் பதித்திருந்தார்கள். நான் போட்ட வரைபடத்தில் அப்படி இல்லை. ஆனால் மண் இறுகிப் பிடித்திருந்தது. என் கணவர் குனிந்து ஒரு கட்டையை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். வாட்சர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. அவரை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் ஞாயிறுதோறும் வேறு ஏதோ ஒரு காட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. சென்னை வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.